மூன்று தரம் கழன்ற கப்ளிங்: வீட்டில் பூட்டிய தண்ணீர் மெசினுக்கு வழி சொல்லுங்கள்

#1 களுதாவளைத் தோட்டம்

எல்லோருக்கும் வணக்கம். மிளகாயும் கத்தரியும் போட்டிருக்கிறேன். எங்கள் பக்கம் மணல் தரை, கோடையில் காலையும் மாலையும் தண்ணீர் விடாவிட்டால் கன்று தலை சாய்ந்துவிடும். புது மெசின் வாங்கக் கையில் காசில்லை. தம்பியிடம் கிடந்த 6.5 குதிரைவலு பெற்றோல் இஞ்சினையும், பழைய இரும்புக் கடையில் எடுத்த இரண்டு இஞ்சி (அங்குல) அளவுப் பம்புத் தலையையும் ஒரு சட்டத்தில் ஏற்றி நானே பூட்டினேன். சட்டம் முதிரை மரம், அடியில் ஆங்கில் இரும்பு.

இரண்டு சாப்டையும் இணைக்க ஒரு கடைச்சல் பட்டறையில் இரும்புக் குழல் மாதிரி ஒரு கப்ளிங் கடைந்து வாங்கினேன். வெளி விட்டம் 50 மில்லிமீட்டர். இஞ்சின் பக்கம் ஒரு கீ (சாப்டிலும் கப்ளிங்கிலும் வெட்டிய காடிக்குள் இறங்கும் இரும்புக் கட்டை), ஒரு 8 மில்லி போல்ட். பம்புப் பக்கமும் அப்படியே.

முதல் தரம் மூன்றாம் நாள் கழன்றது. ஸ்ப்ரிங் வொஷர் போட்டு இறுக்கினேன், ஒரு கிழமை போனது. இரண்டாம் தரம் இன்னும் பலமாக, ஸ்பானருக்குக் குழாய் போட்டு இறுக்கினேன். இரண்டு நாள்தான். நேற்றுக் காலை போல்ட் பறந்து போய்க் கிடுகு வேலியில் அடித்து விழுந்தது. அம்மா பாத்திக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டு இரண்டு யார் (கெஜம்) தள்ளி நின்றார். அதற்குப் பிறகு மெசினைத் தொடவே மனம் வரவில்லை.

வெல்டிங் வைத்துவிட்டால் என்ன? இனிக் கழலாதுதானே?

#2 சம்மாந்துறை லேத்

தம்பி, வெல்டிங் மட்டும் வைக்க வேண்டாம். கிராங் சாப்டின் அந்த முனைக்குப் பின்னால் ஒரு விரல் கடை தூரத்தில் ஒயில் வெளியே வராமல் தடுக்கும் ஒயில் சீல் இருக்கிறது. அது ரப்பர். வெல்டிங் சூட்டில் அதன் உதடு கருகிவிடும், ஒயில் ஒழுகத் தொடங்கும். அதோடு வெல்டிங்கின் மின்சாரம் பேரிங்கின் குண்டுகளுக்கூடாகப் பாய்ந்தால் குண்டிலும் தடத்திலும் பொத்தல் விழும். பிறகு ஒரு நாள் சீலோ பேரிங்கோ மாற்ற வேண்டி வந்தால் இரண்டையும் எப்படிப் பிரிப்பீர்கள்? கிரைண்டரால் அறுக்க வேண்டியதுதான். இஞ்சின் போய்விடும்.

மூன்று தரம் கழன்றிருக்கிறது என்றால் போல்டில் பிழை இல்லை. எதுவோ அசைகிறது. முதலில் அளவு எடுங்கள். இஞ்சின் சாப்ட் எத்தனை மில்லி, கப்ளிங்கின் துளை எத்தனை மில்லி, கீயின் அகலம், காடியின் அகலம். வேர்னியரால் (நுண்ணிய அளவு காட்டும் கருவி) எடுக்க வேண்டும், அடிமட்டம் சரி வராது. எடுப்பதற்கு முன் பிளக் வயரைக் கழற்றி வையுங்கள்.

#3 கல்லடிப் பாலம்

மரைக்குப் போடும் பசை, லொக்டைட் சிவப்பு போடுங்கள். அதற்குப் பிறகு யாராலும் கழற்ற முடியாது.

#4 வட்டைக்காரன்

கப்ளிங்கே வேண்டாம், பெல்டுக்கு மாறுங்கள். நாங்கள் வெல்லாவெளிப் பக்கம் நெல் சூடடிக்கும் மெசின் எல்லாம் பெல்டில்தான் ஓட்டினோம். புல்லியில் பிழை இருந்தாலும் பெல்ட் தாங்கிக்கொள்ளும். சிக்கினால் வழுக்கும், உடையாது.

#5 பழைய பிட்டர்

நான் வாழைச்சேனைக் காகித ஆலையில் பிட்டராக வேலை பழகியவன். இப்போது செங்கலடியில் வீட்டோடு இருக்கிறேன். கண் முன்னைப் போல் இல்லை, ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் பக்கத்தில் அம்மா நின்றார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் இந்த இணைப்பில் எது என்ன வேலை செய்கிறது என்று பிரித்துப் பாருங்கள் மகன். திருகும் விசையைக் கடத்துவது கீ. கப்ளிங் சாப்டின் நடுவில் நிற்பதற்குப் பொறுப்பு துளையின் பொருத்தம். போல்டின் வேலை இவ்வளவுதான்: கப்ளிங் சாப்டின் வழியே முன்னும் பின்னும் நகராமல் பிடித்து வைப்பது. மற்ற இரண்டு பேரின் வேலையையும் போல்டின் தலையில் கட்டினால் அது எவ்வளவு இறுக்கினாலும் கழலத்தான் செய்யும்.

ஏன் என்று கணக்காகச் சொல்கிறேன். உங்கள் பம்ப் 3000 சுற்றில் 3 கிலோவாட் எடுக்கிறது என்று வைப்போம். வாய்பாட்டு எண்ணான 9550ஐ 3ஆல் பெருக்கி 3000ஆல் பிரித்தால் கிட்டத்தட்ட 10 நியூட்டன் மீட்டர். சின்னத் தொகைதான். ஆனால் அது சராசரி. ஒற்றைச் சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக் இஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு தரம்தான் வெடிக்கிறது. வெடிக்கும் கணத்தில் திருகு விசை சராசரியைப் போலப் பல மடங்கு ஏறும். அடுத்த அமுக்கத்தில் இஞ்சின் சுணங்கும், சுற்றிக்கொண்டிருக்கும் பம்ப் அதைத் தள்ளப் பார்க்கும், விசை எதிர்ப்பக்கம் திரும்பும். ஆகவே கீ காடியின் ஒரு பக்கச் சுவரில் இடித்து, திரும்பி மற்றச் சுவரிலும் இடிக்கிறது. 3000 சுற்றில் நிமிடத்துக்கு 1500 வெடிப்பு, மணித்தியாலத்துக்கு 90,000.

தளர்ந்த மண்வெட்டிக் காம்பை நினைத்துப் பாருங்கள். இறுகியிருக்கும் வரை ஆண்டுக் கணக்கில் வெட்டலாம். ஒரு மயிரிழை ஆட்டம் வந்துவிட்டால் ஒவ்வொரு வெட்டும் அந்த ஆட்டத்தைக் கூட்டும், ஒரு நாளிலேயே மண்வெட்டி கையை விட்டுப் போகும். கப்ளிங்கும் அப்படித்தான்.

ஸ்ப்ரிங் வொஷர் இதற்கு உதவாது. 1969இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் இதைச் சோதித்து எழுதினார். போல்டை அதன் நீளவாட்டில் இழுத்து ஆட்டுவதை விட, பிடித்திருக்கும் இரண்டு துண்டுகளும் பக்கவாட்டில் வழுக்கும்போதுதான் அது தானாகச் சுழன்று கழல்கிறது என்று காட்டினார். அதன் பிறகு உலகம் முழுவதும் நட்டையும் வொஷரையும் அவருடைய முறையில்தான் சோதிக்கிறார்கள். பக்கவாட்டு வழுக்கலை நிறுத்தினால் போல்ட் தானாக நிற்கும்.

இன்னொன்று. உங்கள் போல்டின் தலை கப்ளிங்குக்கு வெளியே ஒரு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்திருக்கும். நடுவிலிருந்து 35 மில்லி தூரம். செக்கனுக்கு 50 சுற்று. அது கழன்று பறக்கும் வேகம் செக்கனுக்கு 11 மீட்டர், அதாவது மணிக்கு 40 கிலோமீட்டர். கண்ணில் பட்டால் கண் போய்விடும். தலை நீட்டும் போல்ட் சுற்றும் சாப்டில் இருக்கவே கூடாது. அந்த இடத்துக்குத் தலையில்லாத கிரப் ஸ்க்ரூதான்.

#6 வாழைச்சேனைப் படகு

பிட்டர் ஐயா சொன்னதோடு எங்கள் பக்க அனுபவத்தையும் சேர்க்கிறேன். படகில் கியர்ப் பெட்டியிலிருந்து காத்தாடிச் சாப்டுக்கு ஒரு கப்ளிங் இருக்கும். முன்னுக்குப் போகும்போது காத்தாடி சாப்டைக் கப்ளிங்குக்குள் தள்ளும், ஒரு பிரச்சினையும் தெரியாது. ரிவர்ஸ் போட்டால் சாப்டை வெளியே இழுக்கும். அப்போதுதான் போல்டின் உண்மை தெரியும்.

எங்கள் படகில் ஒரு நாள் துறைக்குள் வரும்போது ரிவர்ஸ் போட, சாப்ட் கப்ளிங்கிலிருந்து கழன்று பின்னால் போய்விட்டது. சாப்ட் வெளியேறிய குழாயால் கடல் உள்ளே வந்தது. ஒருவர் சாரத்தை (லுங்கியை)க் கழற்றி அந்தத் துளைக்குள் திணித்துப் பிடித்துக்கொண்டிருக்க, மற்றவர்கள் இறைத்து இறைத்துக் கரை சேர்ந்தோம். பார்த்தால் கப்ளிங்கைப் பிடிக்கும் ஸ்க்ரூவுக்குச் சாப்டில் ஒரு குழி கூட இல்லை. வழவழப்பான சாப்டின் மேல் ஸ்க்ரூவின் முனை சும்மா அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு மூன்று காரியம் செய்தோம். ஸ்க்ரூ இறங்கும் இடத்தில் சாப்டில் குழி போட்டோம். ஸ்க்ரூவின் தலையில் துளையிட்டு, அது இறுகும் பக்கம் இழுக்கிற மாதிரிக் கம்பி கட்டினோம். படகுக்குள், சீலுக்கு முன்னால், சாப்டைச் சுற்றி ஒரு கிளாம்ப் போட்டோம். மற்றதெல்லாம் விட்டுப்போனாலும் கிளாம்ப் போய்ச் சீலில் முட்டி நிற்கும், சாப்ட் முழுதாக வெளியே போகாது.

உங்கள் பம்பில் இழுவை இவ்வளவு இல்லை. ஆனாலும் சாப்டில் குழி இல்லாமல் ஸ்க்ரூ இறுக்குவது இறுக்கியதாகக் கணக்கில்லை.

#7 களுதாவளைத் தோட்டம்

எல்லோருக்கும் நன்றி. களுவாஞ்சிக்குடியில் ஒரு கராச்சில் வேர்னியர் வாங்கி அளந்து பார்த்தேன்.

இஞ்சின் சாப்ட் 19.05 மில்லி.
கப்ளிங்கின் துளை 20.0 மில்லி. முனைப் பக்கம் தேய்ந்து 20.2.
கீ 4.75. சாப்டின் காடியில் சரியாக இருக்கிறது. கப்ளிங்கின் காடி 6 மில்லி.

20 மில்லி என்று பட்டறையில் சொன்னது நான்தான். அடிமட்டத்தால் அளந்துவிட்டுச் சொன்னேன். பட்டறைக்காரர் சொன்னதைச் செய்து தந்திருக்கிறார்.

கீயை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் படி வெட்டின மாதிரி தேய்ந்திருக்கிறது, நகத்தால் தடவினால் தட்டுகிறது. துளையின் உள்ளே கோப்பித் தூள் மாதிரிச் செம்பழுப்பான பொடி ஒட்டியிருந்தது. எங்கள் பக்கம் கடல் காற்று, துரு என்று நினைத்தேன்.

#8 சம்மாந்துறை லேத்

அதுதான் தம்பி காரணம். இந்த வகை இஞ்சின் இரண்டு விதமான சாப்டோடு வருகிறது. ஒன்று முக்கால் இஞ்சி, 19.05. மற்றது 20 மில்லி. வெளிப் பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். எங்களிடமும் மாதத்துக்கு ஒருவராவது இதே பிழையோடு வருவார். அதனால் நான் சாப்டைக் கண்ணால் பார்க்காமல் கடைவதில்லை. இஞ்சினைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்வேன், பாரம் என்று கோபித்தாலும்.

கிட்டத்தட்ட ஒரு மில்லி வித்தியாசம், நூல் (எட்டிலொரு இஞ்சி) கணக்கில் பார்த்தால் மூன்றில் ஒரு நூல் கூட இல்லை. ஆனால் ஒற்றைப் போல்டை இறுக்கியதும் கப்ளிங் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். நடு அரை மில்லி விலகும். சுற்றும்போது வெளிப்பக்கம் ஒரு மில்லி மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டம் ஒவ்வொரு சுற்றிலும் பம்புச் சாப்டை வளைக்கிறது. உங்கள் பம்பின் பேரிங்கையும் ஒரு தரம் கையால் சுற்றிப் பாருங்கள், கரகரவென்றால் அதுவும் முடிந்தது.

கோலா டின்னை வெட்டித் தகடாகச் சுற்றி அடிக்கலாம் என்று யாராவது சொல்லுவார்கள். செய்யாதீர்கள். அலுமினியம் இரண்டு நாளில் பிதுங்கி வெளியே வரும்.

புதுசு கடைய வேண்டும். இப்படிச் செய்யுங்கள். ஒற்றைக் குழலாக வேண்டாம், இரண்டு துண்டாக, நடுவில் ரப்பர் வைத்த கப்ளிங். இஞ்சின் பக்கத் துண்டின் துளை சாப்டில் கையால் தள்ளினால் போக வேண்டும், ஆனால் விரலால் ஆட்டினால் ஆடக் கூடாது. காடி 4.76, அதாவது இஞ்சிக் கணக்கில் பதினாறில் மூன்று. கீயின் பக்கச் சுவர் இரண்டும் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும், மேலே மட்டும் ஒரு மயிரிழை இடைவெளி விடலாம். கீயின் நீளம் சாப்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும்.

துளைக்குள் காடி எப்படி வெட்டுவது என்று பலர் கேட்பார்கள். அதற்கென்று மெசின் இல்லாத பட்டறையில் லேத்திலேயே வெட்டலாம். துண்டைச் சக்கில் பிடித்து, சுற்றாமல் பூட்டிவிட்டு, காடியின் அகலத்துக்குத் தீட்டிய உளியை டூல் போஸ்டில் கட்டி, அதைத் தாங்கி நகரும் கேரேஜைக் கையால் முன்னும் பின்னும் தள்ளித் தள்ளிச் சீவ வேண்டும். ஒரு தள்ளுக்கு ஒரு மயிரளவு. கை வலிக்கும், ஆனால் காடி நேராக வரும்.

கிரப் ஸ்க்ரூ இரண்டு. ஒன்று கீயின் தலைக்கு மேலேயே இறங்கட்டும். மற்றது அதிலிருந்து கால் சுற்றுத் தள்ளி. எதிரெதிராக வைத்தால் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நிற்கும், பிடிமானம் வராது. கால் சுற்றில் வைத்தால் இரண்டும் சேர்ந்து கப்ளிங்கைச் சாப்டின் மறுபக்கத்தில் ஒட்ட இழுக்கும்.

கடைசியாக, உங்கள் இஞ்சின் சாப்டின் முனையில் நடுவில் ஒரு மரையுள்ள துளை இருக்கிறது பார்த்தீர்களா? சும்மா விட்டதில்லை அது. கப்ளிங் வெளியே வராமல் பிடிக்கத்தான் வைத்திருக்கிறார்கள். அந்த மரைக்கு ஒரு போல்ட், அடியில் மொத்தமான வொஷர். முக்கால் இஞ்சிச் சாப்டில் அது பெரும்பாலும் இஞ்சி மரை, பதினாறில் ஐந்து, நுண் மரை. 8 மில்லி போல்டைத் திணித்து மரையைக் கெடுத்துவிடாதீர்கள்.

#9 கல்லடிப் பாலம்

லொக்டைட் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. நான் என் மோட்டார் சைக்கிளில் போட்டு நன்றாக இருக்கிறது.

#10 பழைய பிட்டர்

நல்ல சாமான்தான் தம்பி, இடம் பார்த்துப் போட வேண்டும். அது காற்றுப் படாத இடத்தில், இரும்போடு இரும்பு நெருங்கும் இடத்தில்தான் இறுகும். ஒயில் பிசுக்கு இருந்தால் பிடிக்காது. பெற்றோலில் கழுவினாலும் பிசுக்குக் கொஞ்சம் மிஞ்சும், தின்னரால் துடைத்துக் காய விடுவது நல்லது. முழுப் பலம் வர ஒரு நாள் ஆகும். போட்ட கையோடு இஞ்சினை ஓட்டினால் போட்டும் பலனில்லை.

கிரப் ஸ்க்ரூவுக்கு நீலம் போதும், அது கைச் சாவியால் கழலும். சிவப்புப் போட்டால் கழற்றுவதற்கு 250 பாகை செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். அந்தச் சூடு பக்கத்திலுள்ள ஒயில் சீலுக்கு என்ன செய்யும் என்று லேத்காரர் மேலே எழுதியிருக்கிறார்.

சாப்டுக்கும் துளைக்கும் இடையில் ஊற்றுகிற பச்சை வகை ஒன்றும் இருக்கிறது. அது ஒரு மில்லியில் பத்திலொரு பங்கு, இரண்டு பங்கு இடைவெளியை நிரப்பும். ஒரு மில்லியை நிரப்பாது. அளவு பிழைத்ததற்குப் பசை மருந்தில்லை.

#11 பாண்டிருப்பு மில்

நான் மிளகாய், மா அரைக்கும் மில் வைத்திருக்கிறேன். இங்கே பெரும்பாலும் ஆண்கள்தான் எழுதுகிறீர்கள், ஆனால் இந்தச் செம்பழுப்புப் பொடி பற்றி நான் எழுதியே ஆக வேண்டும்.

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டிய காலத்தில், கடன் தவணை கட்ட வேண்டுமே என்று லேண்ட்மாஸ்டர் (கை உழவு மெசின்) இஞ்சின் ஒன்றை மில்லுக்குப் பூட்டினோம். கப்ளிங்கின் ஓரத்தில் தினமும் ஒரு சிவப்புத் தூள் படியும். மிளகாய் அரைக்கிற இடம், எங்கே பார்த்தாலும் சிவப்புத் தூள்தான், அதனால் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தோம். ஒரு நாள் மா மட்டும் அரைத்த நாளிலும் அந்தத் தூள் இருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தேன். மிளகாய் எரிவும் இல்லை, வாசமும் இல்லை. இரும்பு வாசம். அடுத்த நாளே கீ அறுந்தது.

இரும்பும் இரும்பும் கண்ணுக்குத் தெரியாத அளவில் உராய்ந்து உதிரும் பொடி அது என்று பிறகு ஒரு பிட்டர் சொன்னார். கடல் காற்றுத் துருவிலிருந்து பிரித்தறிய வழி இருக்கிறது. ஓரத்தை நன்றாகத் துடைத்துவிட்டு ஒரு துளி ஒயில் தடவுங்கள். துரு என்றால் வராது. ஒரு நாள் ஓட்டத்துக்குள் திரும்பச் செம்பழுப்பாகக் கசிந்து வந்தால் உள்ளே ஆட்டம் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்களிடம் வேலை செய்த ஒருவரின் சாரத்தின் நுனியைக் கப்ளிங்கின் போல்ட் தலை பிடித்து இழுத்தது. கிழிகிற பழைய சாரமாக இருந்ததால் காலோடு போயிற்று. புதுச் சாரமாக இருந்திருந்தால் என்று இப்போதும் நினைப்பேன். அன்றைக்கே தகரத்தில் மூடி அடித்தோம். தம்பி, நீங்கள் கப்ளிங்கை எவ்வளவு திறமாகச் செய்தாலும் அதற்கு மேல் ஒரு மூடி போடாமல் அம்மாவைப் பக்கத்தில் விடாதீர்கள். சேலைத் தலைப்பும் அப்படித்தான் பிடிபடும்.

#12 வட்டைக்காரன்

அக்கா சொன்னது சரி. பெல்டுக்கும் மூடி வேண்டும், நான் அதை எழுத மறந்துவிட்டேன்.

ஆனாலும் என் கேள்விக்குப் பதில் வரவில்லை. ஏன் பெல்ட் போடக் கூடாது?

#13 பழைய பிட்டர்

போடலாம். சூடடிக்கும் மெசின், புல் வெட்டும் மெசின், தும்பு அடிக்கும் மெசின் எல்லாவற்றுக்கும் பெல்ட்தான் சரி. அவை இஞ்சினின் வேகத்தில் ஓட வேண்டியவை அல்ல, திடீரென்று சிக்குபவை. மாட்டுக்குப் போடும் கோ-3 புல் வெட்டுகிற கத்திச் சக்கரத்தை நேராக இஞ்சினில் மாட்டியவர்களைக் கண்டிருக்கிறேன். அது எனக்குப் பயத்தைத் தருகிற காட்சி.

இவருடைய பம்ப் மின் மோட்டாரின் வேகத்துக்குச் செய்தது, 2900 சுற்று. இஞ்சினும் அந்த வேகத்தில் சுகமாக ஓடும். வேகம் மாற்ற வேண்டிய தேவை இல்லை. அதோடு பெல்டை இறுக்கினால் பம்புச் சாப்டை எப்போதும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும். நேராக மோட்டாரில் பூட்டும் இந்தச் சின்னப் பம்புகளின் பேரிங் அந்த இழுவைக்குச் செய்ததல்ல. நேர் இணைப்பு இவருக்குப் பொருந்தும். ஆனால் நேர் இணைப்பு என்றால் இரண்டு சாப்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், அதில் பெல்ட் மாதிரி மன்னிப்புக் கிடையாது. மகன், உங்கள் முதிரைச் சட்டம்தான் இப்போது என் கவலை.

முதிரை நல்ல மரம். இருந்தாலும் காலையும் மாலையும் தண்ணீர் படுகிற இடத்தில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும். மணலில் வைத்தால் இஞ்சினின் அதிர்வில் ஒரு கால் மட்டும் புதையும். இன்று கோட்டில் நின்ற சாப்ட் நாளைக்கு நிற்காது. இஞ்சினும் பம்பும் ஒரே இரும்புச் சட்டத்தில், பட்டைத் தகட்டின் மேல் நிற்கட்டும். மரம் அதற்கு அடியில் கிடக்கட்டும்.

இஞ்சினும் பம்பும் நிற்கும் கால்களை ஒவ்வொன்றாகத் தனித்தனியாகப் பாருங்கள். நாலு போல்டில் ஒன்றைத் தளர்த்தும்போது அந்தக் கால் மேலே எழும்பினால், அதற்கடியில் இடைவெளி இருக்கிறது, இறுக்கும் ஒவ்வொரு தரமும் இஞ்சினின் உடம்பையே முறுக்குகிறீர்கள். தகடு வைத்து நிரப்புங்கள். ஆலையில் பெரியவர் ஒருவர் எங்களுக்கு முதல் மாதம் முழுவதும் இதை மட்டும்தான் செய்ய வைத்தார்.

கோட்டைப் பார்க்க டயல் கேஜ் தேவையில்லை. இரண்டு துண்டின் வெளி விட்டமும் ஒன்றாக இருந்தால் அவற்றின் மேல் ஒரு நேரான பட்டையை வையுங்கள். மேலே, இரு பக்கமும், அடியில் என்று நாலு இடத்தில். எங்கே வெளிச்சம் தெரிகிறதோ அங்கே ஏற்றத்தாழ்வு. பிறகு இரண்டு முகத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியை அதே நாலு இடத்தில் பாருங்கள். அளவுக்கு ஹெக்சோ பிளேட் போதும், அது ஏறத்தாழ 0.6 மில்லி. ஓரிடத்தில் பிளேட் நுழைந்து, எதிர்ப்பக்கம் நுழையாவிட்டால் சாப்ட் சரிந்து நிற்கிறது. நடுவில் ரப்பர் வைத்த சின்னக் கப்ளிங் தாங்கும் விலகல் கிட்டத்தட்ட 0.4 மில்லிதான், சரிவு ஒரு பாகை. ரப்பர் இருக்கிறது, எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம்.

கடையில் வாங்குவதென்றால் ஒற்றைச் சிலிண்டர் இஞ்சினுக்குப் பட்டியலில் உள்ள சக்தியை விட இரண்டு மடங்கு தாங்கும் அளவாக எடுங்கள்.

#14 வாழைச்சேனைப் படகு

வாங்க முடியாவிட்டால் மோட்டார் சைக்கிளின் பின் சில்லுக்குள் இருக்கும் ரப்பர்க் கட்டைகளை எடுத்து இரண்டு இரும்பு முகத்துக்கு நடுவில் வைத்துச் செய்யலாம். ஒரு நண்பர் அப்படிச் செய்து இரண்டு வருடமாக ஓட்டுகிறார். லொறி டயரை வட்டமாக வெட்டிப் போட்டதையும் கண்டேன், ஆனால் அது கம்பி இல்லாத நூல் டயராக இருக்க வேண்டும்.

#15 களுதாவளைத் தோட்டம்

மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். தோட்டம் காயக் கூடாது என்று அதுவரை பக்கத்துக் காணிக்காரரின் மெசினை இரவலாக எடுத்து ஓட்டினேன்.

இஞ்சினையும் பம்பையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு சம்மாந்துறைக்கே போனேன். லேத்காரக் காக்கா (அண்ணன்) சாப்டைப் பார்த்துப் பார்த்துக் கடைந்தார். கடைசி இரண்டு சீவலுக்கும் ஒவ்வொரு தரமும் லேத்தை நிறுத்தி, இஞ்சினைத் தூக்கி வைத்துத் துளைக்குள் சாப்டை விட்டுப் பார்த்தார். உள்ளே போகும்போது காற்று மெதுவாகப் பிதுங்கிய மாதிரி ஒரு சத்தம், பிறகு ஆடவே இல்லை. பழைய லொறி அச்சுத் துண்டு ஒன்றில் கடைந்தது. நடு ரப்பர் கல்முனையில் ஹார்ட்வெயார் கடையில் வாங்கினேன்.

குழி போடும்போது ஒரு காரியம் சொல்லித் தந்தார், அதை இங்கே எழுத வேண்டும். கப்ளிங்கைச் சாப்டில் சரியான இடத்தில் வைத்து, கிரப் ஸ்க்ரூவின் மரைத் துளைக்குள்ளாகவே மரை படாத சின்னத் துளையூசியை விட்டுச் சாப்டில் ஒரு மில்லி ஆழம் குழி போட வேண்டும். அப்போதுதான் குழியும் ஸ்க்ரூவும் ஒரே நேரில் வரும். போடுவதற்கு முன் ஒயில் சீலைச் சுற்றிக் கிரீஸ் அப்பி, மேலே துணியைச் சுற்றினார். இரும்புத் தூள் சீலின் உதட்டுக்குள் போகாமல் இருக்க. வேலை முடிந்ததும் கிரீஸோடு தூளையும் வழித்து எடுத்தார். ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு அதே துளைக்குள் அதன் தலைக்கு மேல் இன்னொரு கட்டைக் கிரப் ஸ்க்ரூவையும் இறக்கினார், அது கீழே உள்ளதைப் பூட்டி வைக்கிறது. 8 மில்லிக்கு 4 மில்லி அலன் சாவி. வெளியே ஒன்றும் நீட்டவில்லை, கையை வைத்துத் தடவலாம்.

பம்பின் பேரிங் காக்கா சொன்ன மாதிரியே கரகரத்தது. இரண்டையும் மாற்றினேன்.

முதல் பத்து நிமிடம் ஓட்டி, நிறுத்தி, அலன் சாவியால் பார்த்தேன். ஒரு கால் திருப்பு ஏறியது. அதற்குப் பிறகு ஏறவில்லை. சாப்டிலிருந்து கப்ளிங் வரை தங்கையின் நகப் பூச்சால் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். வழுக்கினால் கோடு வெட்டுப்படும். இதுவரை 46 மணித்தியாலம் ஓடியிருக்கிறது, கோடு ஒரே கோடாக இருக்கிறது. ஓரத்தில் ஒயில் தடவி வைத்தேன் மில் அக்கா, செம்பொடி வரவில்லை.

தகர மூடியும் அடித்தாயிற்று. இரண்டு போல்டைக் கழற்றினால்தான் மூடி எழும்பும், அதனால் யாரும் அவசரத்தில் திறந்து வைத்துவிட்டு ஓட்ட முடியாது.

ஒரே ஒரு சந்தேகம். 30 மணித்தியாலம் அளவில் மூடிக்குள் கறுப்புத் தூள் கொஞ்சம் கண்டேன். ரப்பர் தேய்கிறதா?

#16 பழைய பிட்டர்

ரப்பர்தான். ஒரு கால் புதைந்திருக்கும், பிளேட்டை எடுத்துக்கொண்டு நாலு இடமும் திரும்பப் பாருங்கள். காலையில் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

#17 களுதாவளைத் தோட்டம்

பார்த்தேன் ஐயா. மேலே பிளேட் நுழைகிறது, அடியில் நுழையவில்லை. பம்பின் கிணற்றுப் பக்கக் காலைத் தளர்த்தியதும் அது தானாக மேலே எழும்பியது. அடியில் தகடு ஒன்று வைத்து இறுக்கினேன், இப்போது நாலு இடமும் ஒரே மாதிரி. சட்டத்துக்கு அடியில் நாலு சீமெந்துக் கல்லும் புதைத்துவிட்டேன், இனி மணலில் இறங்காது. இன்று மாலை அம்மாவே வந்து கயிற்றை இழுத்து இஞ்சினைத் தொடக்கினார்.

பழைய கப்ளிங் என்னிடம்தான் இருக்கிறது. இரும்புக் கடையில் போடவா?

#18 சம்மாந்துறை லேத்

போடாதீங்க தம்பி, இங்கே கொண்டு வாங்க. அந்தத் தேய்ந்த கீயும் வேண்டும். வேலை பழக வரும் பொடியன்களுக்குக் கையில் கொடுத்துக் காட்ட எனக்கு அப்படி ஒன்று தேவை.